பேத்தியின் கேள்வியும் சேர்வு இலக்கம் 412உம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய வாசிப்பு மாதத்தை ஒட்டி உங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் 'உலகின் ஆதிக்குடிகள்' என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். முப்பது வருசம் படிப்பித்து, அதில் பாதிக் காலம் பாடசாலை நூலகத்தையும் சேர்த்துப் பார்த்தவள் நான். பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் நிரப்புவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்த பிறகு சும்மா மடித்து வைக்க மனம் வரவில்லை.

முதலில் பெயர்கள். 'எஸ்கிமோ' என்றும் 'செவ்விந்தியர்' என்றும் போட்டிருக்கிறீர்கள். முதல் பெயர் எங்களுக்கு வேண்டாம் என்று கனடாவின் இனுயிட் மக்கள் சொல்லிப் பல காலம். மற்றப் பெயர் கொலம்பஸ் போய் இறங்கிய கரையை இந்தியா என்று நினைத்ததால் வந்தது. அவர் விட்ட பிழையை ஐந்நூறு வருசம் கழித்தும் தமிழில் நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? படங்களும் அப்படித்தான்: பனி வீடு, இறகு செருகிய தலை, வளைதடி. அந்த மக்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், வழக்குப் பேசுகிறார்கள், புத்தகம் எழுதுகிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. இதையெல்லாம் விடப் பெரிய குறை, உலகத்தையே சுற்றி வந்த அந்தப் பக்கத்தில் எங்கள் இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர் இல்லை.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதே இடத்தில் நானும் அண்மையில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் மகள் குடும்பம் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறது. பேத்திக்கு ஒன்பது வயது. செப்டெம்பர் 30ஆம் திகதி வீடியோவில் வந்தாள், பளிச்சென்று செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சட்டையோடு. "என்னடி, இல்ல விளையாட்டுப் போட்டியோ?" என்று கேட்டேன். அப்படி இல்லையாம். அன்றைக்கு வகுப்பில் எல்லோரும் அந்த நிறத்தில்தான் போடுவார்களாம். பிறகு கதையைச் சொன்னாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். மிச்சத்தை மகள் பின்னாலிருந்து நிரப்பினாள்.

பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பெண், 1973இல், ஆறு வயதில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். அவரை வளர்த்த பாட்டி ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். செம்மஞ்சள் நிறம், பிள்ளையே ஆசைப்பட்டு எடுத்தது. பள்ளிக்கூடம் போன முதல் நாளே அந்தச் சட்டையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கவே இல்லை. அந்தப் பெண் வளர்ந்து, தானே அந்தக் கதையைச் சிறுவர் நூலாக எழுதியிருக்கிறார். மகள் அதைத் தபாலில் அனுப்பியிருந்தாள். மெல்லிய புத்தகம். இதை எழுதும்போது மேசையில் என் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 150,000 பேரை இப்படித் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் போட்டார்கள். தங்கள் மொழியில் பேசினால் அடி. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில். அதாவது, நான் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு. உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு ஒன்று பல வருசம் இருந்து, தப்பி வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோரின் வாய்மொழியைக் கேட்டு, 2015இல் அறிக்கை வெளியிட்டு, 94 காரியங்களைச் செய்யச் சொன்னது. எங்கள் பிள்ளைகள் குடியேறிய நாட்டின் கதை இது. ஆணைக்குழு என்ற சொல்லைக் கேட்டால் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் ஒரு சலிப்புச் சிரிப்பு வரும் என்பது வேறு விசயம். 1973இல் எனக்கும் ஒன்பது வயது. ஆச்சி தைத்துத் தந்த பூப்போட்ட சட்டையோடு நானும் பள்ளிக்கூடம் போனேன். அதை ஒருவரும் கழற்றவில்லை.

சரி, மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, நாங்கள் காலமை வகுப்பில, இது ஆற்ற நிலம் எண்டு அவையின்ர பேரைச் சொல்லித்தான் தொடங்கிறனாங்கள்." மிசிசாகா, அனிஷினாபே, ஹோடனோஷோனி, வென்டாட் என்று மூச்சு விடாமல் சொன்னாள், நாங்கள் தேவாரம் ஒப்புவித்த மாதிரி. "உங்கட பள்ளிக்கூடத்தில ஆற்ற பேரைச் சொல்லுவீங்கள்?"

"நாங்கள்தானடி" என்று வாய் வரை வந்துவிட்டது. ஏனோ சொல்லவில்லை. "பாத்துச் சொல்லுறன்" என்றேன். முப்பது வருசம் பிள்ளைகளிடம் 'புத்தகத்தில் தேடிப் பார்' என்று சொன்னவள், தேடப் போனேன்.

என்னிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. 2008 கடைசியில் சண்டையில் இடம்பெயர்ந்தபோது பாடசாலை நூலகத்தின் சேர்வுப் பதிவேட்டை, அதாவது வந்து சேரும் புத்தகங்களை வரிசை இலக்கம் போட்டு எழுதும் கொப்பியை, என் துணிப் பையில் வைத்துக்கொண்டேன். அரிசிக்கே இடம் போதாத பை. ஏன் அதை வைத்தாய் என்று என் கணவர் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பதிவேடு மட்டும் மாத்தளன், செட்டிகுளம் முகாம் எல்லாம் பார்த்துவிட்டு முள்ளியவளைக்குத் திரும்பி வந்தது. ஓரமெல்லாம் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது. அதை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்த்தேன். 'வேடன்' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வந்தது. சேர்வு இலக்கம் 412. என் கையெழுத்துத்தான். புறாக்களுக்கு வலை விரிக்கிற வேடனும் அவனை ஏமாற்றிப் பறக்கிற புறாக்களும். வகுப்பு: கதை. பக்கம் 16.

அவ்வளவுதான் எங்கள் நூலகத்தில் வேடர். வலையோடு வந்து தோற்றுப் போகிற ஒரு ஆள்.

பிறகு இந்தப் பக்கத்து நூலகங்கள் இரண்டுக்குப் போனேன். ஒன்றில் இருந்த பிள்ளை என்னிடம் படித்தவள். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "வேடர் எண்டு அடிச்சால் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் வருது ரீச்சர்" என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

வேடரைப் பற்றிப் புத்தகம் இல்லாமலில்லை. ஆங்கிலத்தில் இருக்கிறது. பழையவை இரண்டை மருமகன் இணையத்திலிருந்து இறக்கி அனுப்பினார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவில் வாசித்தேன். முதலாவது ரொபர்ட் நொக்ஸ். கொட்டியாரத்தில் பிடிபட்டு, பத்தொன்பது வருசத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர். 1679இல் தப்பி, மல்வத்து ஓயா கரையோடு காட்டுக்குள்ளால் நடந்து அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் அருவி ஆறு என்று சொல்கிறோமே, அதே ஆறுதான். வன்னியின் ஓரத்தால் நடந்து போன ஒரு மனிதன் 1681இல் இலண்டனில் அச்சிட்ட புத்தகத்தில் வேடரைப் பற்றி எழுதியிருக்கிறார், படமும் போட்டிருக்கிறார். 'காட்டு மனிதர்' என்றுதான் எழுதுகிறார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு விசயத்தில் என் கை நின்றுவிட்டது.

ஒன்று, இறைச்சி. மரப் பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியைப் போட்டு, களிமண்ணால் வாயை அடைத்து, பஞ்ச காலத்துக்கென்று வைப்பார்களாம். என் அப்பாச்சி வீட்டில் அட்டாளையில் ஒரு பானை இருந்தது. தேனுக்குள் மரை வத்தல், வாயில் துணி கட்டி மேலே மண் பூசியிருக்கும். மழை நாளில் மட்டும் இறங்கும். அதை எங்கள் வன்னியின் கைப்பக்குவம், எங்கள் பாட்டன் கெட்டித்தனம் என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு அதை யார் காட்டித் தந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மற்றது, கொல்லன் கதை. வேடருக்கு அம்பு முனை வேண்டுமென்றால் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய ஒரு இலையையும் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். முகம் பார்க்காத வியாபாரம். இதைப் பற்றிக் கடைசியில் ஒன்று சொல்ல இருக்கிறது.

இரண்டாவது புத்தகம் செலிக்மன் தம்பதியர் எழுதியது, 1911இல் கேம்பிரிட்ஜில் அச்சானது. பெரிய புத்தகம், படங்கள் நிறைய. கணவனும் மனைவியும் குகை குகையாகப் போய், பாட்டையும் சடங்கையும் உறவுமுறையையும் எழுதியிருக்கிறார்கள். சிதல வன்னிய என்ற இடத்து ஹந்துன என்ற வேடரைப் பெயர் சொல்லி மரியாதையோடு எழுதுகிறார்கள். அது எனக்குப் பிடித்தது. வெள்ளைக்காரர் வருகிறார்கள் என்றால் உடுத்திருந்த துணியைக் குறைத்துக்கொண்டு வில்லோடு வந்து நிற்கப் பழகிய வேடரைப் பற்றியும் அதே புத்தகத்தில் இருக்கிறது. 1911இலேயே அப்படி. கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடர் பற்றியும் தனியாக எழுதியிருக்கிறார்கள். அதைத் தமிழில் வாசிக்கத் தமிழ் வேடருக்கு இன்றைக்கும் வழி இல்லை.

பிறகு வந்தவையும் ஆங்கிலம்தான். அநுராதபுரத்து வேடர் கிராமங்களைப் பற்றி ஜேம்ஸ் புரோ 1978இல் எழுதியது. கணநாத் ஒபேசேகர தன் கடைசிக் காலத்தில் கண்டி இராச்சியத்து வேடரைப் பற்றி எழுதியது. இவற்றின் பெயர்தான் எனக்குத் தெரியும், புத்தகம் கைக்கு வரவில்லை. விலையைக் கேட்டால் ஓய்வூதியக்காரிக்கு மயக்கம் வரும். தமிழ்நாட்டிலிருந்து சோளகர் என்ற பழங்குடியினரைப் பற்றிய 'சோளகர் தொட்டி' நாவல் வந்து எங்கள் பக்கத்தில் கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்து போனது. முகாம், விசாரணை, காணாமல் போன புருசன் என்று வாசித்தபோது எங்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஆனால் சத்தியமங்கலக் காட்டுச் சோளகரைத் தெரிந்த எனக்கு, இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடக்கூடிய கிழக்குக் கரை வாகரை வேடரைத் தெரியாது.

தெரியாது என்பதும் முழு உண்மையில்லை. ஒருமுறை கண்டிருக்கிறேன்.

சண்டை முடிந்த பிறகு ஒரு வருசம் கதிர்காமப் பாத யாத்திரையில் போனேன். செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து நடந்து வருபவர்களோடு வற்றாப்பளையில் சேர்ந்துகொண்டேன். வெருகல் தாண்டி வாகரைப் பக்கம் போகையில் கால் கொப்பளித்து ஒரு வேலியோரம் இருந்துவிட்டேன். ஒரு வயதான அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பேச்சு வாக்கில், தாங்கள் வேடர் என்றார். எனக்கு உடனே வள்ளியம்மை நினைவு வந்துவிட்டது. அப்ப நீங்கள் முருகனுக்குப் பெண் கொடுத்த ஆட்கள் என்று பெரிதாகச் சொன்னேன். அவர் சிரித்தார். கொட்டில் இறப்பில் ஒரு வில் செருகியிருந்தது. இன்னும் வேட்டைக்குப் போவீர்களோ என்று கேட்டேன்.

"அது வேட்டைக்கில்ல புள்ள. எங்களப் பத்தி எழுத வாறவங்க எல்லாம் வில்லு இரிக்கா, வில்லு இரிக்கா எண்டு கேக்குறாங்க. இல்ல எண்டா முகம் வாடிப் போகுது. அதான் மருமகன் ஒண்டு செஞ்சி வெச்சான். நம்மட வேல கடல்லயும் சேனையிலயும்."

பிறகு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழைக்கு ரோட்டு மூடினால் பிள்ளைகள் எத்தனை நாள் போவதில்லை என்று அவராகவே சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படிப்பித்தவள் நான், வில்லைத்தான் கேட்டேன். செலிக்மன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது இந்த வில்தான் கண்ணுக்குள் வந்தது. இடையில் நூறு வருசம்.

எழுதுபவருக்கு என்ன வேண்டுமோ அதுதான் புத்தகத்தில் வருகிறது என்பதற்கு என் கையால் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சியாட்டில் தலைவர் அமெரிக்க சனாதிபதிக்கு எழுதிய கடிதம் என்று தமிழில் ஒன்று பரவலாக உண்டு. 'வானத்தை எப்படி விற்பது' என்று வருமே, அதுதான். வாசிப்பு மாதம் தவறாமல் அதை அழகாக எழுதுவித்து நூலகச் சுவரில் ஒட்டியவள் நான். பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் அதைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். உண்மை என்னவென்றால், அவர் 1854இல் தன் மொழியில் ஒரு பேச்சுப் பேசினார். அதைக் கேட்டதாகச் சொன்ன ஒரு வெள்ளைக்கார வைத்தியர் 33 வருசம் கழித்து, 1887இல், தன் நடையில் பத்திரிகையில் எழுதினார். நாங்கள் சுவரில் ஒட்டியது அதுவும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஒரு படத்துக்காக டெட் பெரி என்ற திரைக்கதை எழுத்தாளர் எழுதிக் கொடுத்த வசனம். ரயிலிலிருந்து சுடப்பட்டு அழுகிக் கிடக்கும் ஆயிரம் எருமைகளைக் கண்டேன் என்று அதில் தலைவர் சொல்கிறார். அவர் இருந்த கரையில் அந்த எருமையும் இல்லை, அந்தக் காலத்தில் ரயிலும் இல்லை. நாங்கள் கண்ணீர் விட்டது ஒரு வசனகர்த்தாவுக்கு. இதை அறிந்த அன்று, ஊரில் எதிர்ப்பட்ட பழைய மாணவன் ஒருவனை நிறுத்தி வைத்துச் சொன்னேன். "ஆனா நல்லா இருந்தது ரீச்சர்" என்றான். நன்றாகத்தான் இருந்தது. அவனிடம் அதற்கு மேல் என்ன சொல்வது.

தம்பானை என்ற ஊரில் வாழும் வேடர் தங்களை 'வன்னியல எத்தோ' என்கிறார்கள். காட்டில் வாழ்பவர் என்று பொருள். சொல்லிப் பாருங்கள், எங்கள் வன்னி அதற்குள் ஒலிக்கிறது. மதுரு ஓயா 1983இல் தேசிய பூங்காவானபோது அவர்கள் வேட்டையாடித் தேன் எடுத்த காடு ஒரே நாளில் குற்றம் நடக்கும் இடமாக மாறியது. அவர்களுடைய பிரதிநிதிகள் 1996இல் ஜெனீவா வரை போய் முறையிட்டார்கள். இதை நாங்கள் அன்று கவனித்தோமா? 1996இல் நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்தோம், அது சரி. ஆனால் இன்றைக்கு எங்கள் ஆட்களின் வயலுக்குள் எல்லைக்கல் நட்டு, இது காடு, உள்ளே வராதே என்று சொல்லும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது அவர்களுக்கு எங்களுக்கு முன்னமே வந்தது. அரசாங்கக் கச்சேரி வாசலில் காணிக் கோவையோடு நிற்கும் எவருக்கும் தம்பானைக் கதையை இரண்டு வரியில் விளங்கப்படுத்தலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கோபம் வரலாம். இந்த நாட்டில் முதலில் வந்தது யார் என்று சிங்களவரும் நாங்களும் கல்வெட்டைத் தூக்கித் தூக்கி அடிபடுகிறோம். 'பூர்வகுடி' என்ற சொல்லை நாங்கள் எங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டோம். சிங்களவரின் முதல் அரசன் என்று சொல்லும் விஜயனின் கதையில்கூட அவன் வந்து இறங்கும்போது நூல் நூற்றுக்கொண்டு ஒரு குவேனி இருக்கிறாள். அவளையும் பிள்ளைகள் இருவரையும் விரட்டிவிட்ட பிறகுதான் வரலாறு தொடங்குகிறது. குடிசன மதிப்பிலும் அப்படித்தான் நடந்தது. 1911இல் வேடர் ஐயாயிரத்துக்குச் சற்று மேல் என்று கணக்கு. 1953இல் ஆயிரத்துக்கும் குறைவு. பிறகு தனி நிரலே இல்லாமல் 'ஏனையோர்' ஆகிவிட்டார்கள். அத்தனை பேரும் செத்துப் போகவில்லை. சிங்களம் பேசுபவர் சிங்களவராகவும் தமிழ் பேசுபவர் தமிழராகவும் பதியப்பட்டார்கள். அதாவது எங்கள் தொகையிலும் அவர்கள் இருக்கிறார்கள். தேர்தலுக்கு எண்ணும்போது எங்கள் ஆட்கள். கோயில் திருவிழாவில் நிற்கும்போது வேடர். கண்ணப்ப நாயனாருக்குக் குருபூசை, வள்ளி திருமணத்துக்கு மத்தாப்பு, பக்கத்து ஊர்ப் பிள்ளை பரட்டைத் தலையோடு வந்தால் "வேடன் மாதிரி வந்து நிக்கிறான்." இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம் இல்லை.

ஒரு சின்ன விசயம், கிளிநொச்சிப் பிள்ளைகளுக்காக. கற்கருவிகள் கிடைக்கும் மிகப் பழைய செம்மண், சரளைப் படிவு ஒன்றை எங்கள் இரணைமடுவின் பெயராலேயே 'இரணைமடுப் படிவு' என்று தொல்லியல் நூல்களில் எழுதுகிறார்கள். சிரான் தெரணியகல 1992இல் எழுதிய பெரிய நூலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. குளத்தைப் பார்க்கச் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கு வான்கதவு எத்தனை என்று எழுதுவிக்கிறோம். காலடியில் கிடக்கும் கல்லையும் ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லலாமே.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய மாநாடு ஒன்றும் வேண்டாம். மாநாடு வைத்தால் மலர் ஒன்று வரும், அதில் பத்து வாழ்த்துச் செய்தி இருக்கும். யாழ்ப்பாணம், கிழக்கு, வவுனியா என்று எங்கள் பக்கமே மூன்று பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ் தெரிந்த மாணவர்கள், செலிக்மன் புத்தகத்தில் கரையோர வேடர் பற்றிய பகுதியை மட்டும் தமிழாக்கட்டும். ஆக்கி நேரே அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். வாகரைக்கும் மூதூருக்கும் கொண்டுபோய் அங்குள்ள பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். இது சரி, இது பொய், இது எங்கள் மாமன் பெயர், இதை வெளியில் சொல்லக்கூடாது என்று அவர்கள் சொல்வதை எதிர்ப்பக்கத்தில் அச்சிடட்டும். முகப்பில் அவர்கள் பெயரும் ஆசிரியராக வரவேண்டும். 'தகவல் தந்து உதவியவர்கள்' என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அது வேண்டாம். அச்சுச் செலவுக்குக் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் புலம்பெயர் சங்கங்களிடம் கேட்டால் தருவார்கள் என்று நினைக்கிறேன். ஸ்காபரோவில் பிள்ளைகளுக்குச் செம்மஞ்சள் சட்டை போட்டு அனுப்பும் பெற்றோருக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. அப்புறம், நூலகர்களுக்கு ஒரு சொல்: அந்தப் புத்தகம் வந்தால் நாட்டார் கதை றாக்கையில் வைக்காதீர்கள். வரலாற்றில் வையுங்கள். 412ஐக் கதையில் போட்ட கை சொல்கிறது.

உங்களிடமும் ஒன்று. ஆகஸ்ட் 9 உலக ஆதிக்குடிகள் தினம். வருகிற வருசம் அன்றைய சிறுவர் பக்கத்தை வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கத்து வேடர் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் என்ன வரைகிறார்களோ, எழுதுகிறார்களோ அதைப் போடுங்கள். கிரிக்கெட் பற்றி எழுதினால் கிரிக்கெட் பற்றிப் போடுங்கள்.

இனி அந்த முகம் பார்க்காத வியாபாரம். நான் சின்னப் பிள்ளையாக நெடுங்கேணியில் ஆச்சி வீட்டில் வளர்ந்த காலம். பாலைப்பழக் காலத்தில் ஒருவர் தேன் கொண்டு வருவார். படலைக்கு உள்ளே வரமாட்டார். வேலியோரப் பூவரச மரத்தடியில் சுரைக் குடுவையை வைத்துவிட்டு, தள்ளிப் போய்க் குந்தியிருப்பார். ஆச்சி ஒரு சுளகில் அரிசியும் உப்பும், சில வேளை ஒரு பழஞ்சேலையும் கொண்டுபோய் அந்த இடத்தில் வைப்பா. குடுவையை எடுத்து வருவா. பேச்சு இல்லை. பிறகு தேத்தண்ணி போகும், சிரட்டையில். மற்ற எல்லோருக்கும் மூக்குப்பேணி. நான்தான் அந்தச் சிரட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். குடித்துவிட்டு அதைக் கழுவி, மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் எனக்கென்று தேன்வதையில் ஒரு துண்டு இலையில் சுற்றித் தந்தார். மெழுகையும் சப்பு என்று வாயால் காட்டினார், சொல்லவில்லை. ஆச்சி அவரைத் 'தேன்காரன்' என்பா, கோபத்தில் 'காட்டாள்' என்பா. அவர் யார், எந்த ஆட்கள், எந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. ஒரு வருசம் வரவில்லை. அதையும் கேட்கவில்லை.

பேத்தி வருகிற யூலையில் வருகிறாள். அவளுக்காக ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, எனக்குத் தெரிந்ததை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் சேர்வு இலக்கம் 1 என்று போட்டேன். அடுத்த நிரல் பெயர். அது வெறுமையாக இருக்கிறது. 1970ஐ ஒட்டிய காலத்தில் நெடுங்கேணி, ஒலுமடு, மாமடுப் பக்கம் சுரைக் குடுவையில் தேன் கொண்டுவந்த, இடது காது மடல் கிழிந்திருந்த அந்த மனிதரை யாருக்காவது நினைவிருந்தால், பெயர் தெரிந்திருந்தால், இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆசிரியர் எனக்குச் சேர்ப்பிப்பார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
முள்ளியவளை.